ஃபோய்னவன் ஜெயித்தது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா?

ஏப்ரல் 14, 2024, காலை (கேள்வி)

நேற்று கிராண்ட் நேஷனல் என்ற வேலி தாண்டும் குதிரைப் பந்தயம் பார்த்தேன். ஒரு குதிரைகூட விழவில்லை. அதைப் பார்த்ததும் 1967 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஃபோய்னவன் என்ற குதிரை ஜெயித்தது சுத்தமான குருட்டு அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் விழுந்து கிடக்க, இது நடந்து போய்ப் பரிசை வாங்கியது. இதற்காக ஒரு வேலிக்கே அதன் பெயரை வைத்திருக்கிறார்கள். யாராவது மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஏப்ரல் 14, இரவு

பாதி சரி. மீதியை மறுக்கிறேன்.

1967 ஏப்ரல் 8, லிவர்பூல் பக்கத்தில் எயின்ட்ரீ மைதானம். 44 குதிரைகள், இரண்டு சுற்று, 30 வேலிகள், சுமார் 7.2 கிலோமீட்டர். முதல் வேலியிலேயே பாப்ஹம் டவுன் என்ற குதிரை தன் ஜாக்கியை இழந்துவிட்டது. முதுகில் ஆள் இல்லாவிட்டாலும் குதிரை நிற்காது, கூட்டத்தோடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதுவும் ஓடியது. இரண்டாம் சுற்றில் பீச்சர்ஸ் புரூக் என்ற பயங்கரமான வேலியைத் தாண்டிவிட்டால் அடுத்து வருவது 23-ஆம் வேலி. மைதானத்திலேயே சின்ன வேலிகளில் ஒன்று, நாலரை அடிதான். அங்கே வந்ததும் பாப்ஹம் டவுனுக்கு என்ன தோன்றியதோ, தாண்டாமல் அப்படியே வலது பக்கம் திரும்பி, வேலி ஓரமாகவே குறுக்கே ஓடியது. பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று இடித்து நின்றன. சில ஜாக்கிகள் குதிரையைப் பின்னால் விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்கள்.

ஃபோய்னவன் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதன் ஜாக்கி ஜான் பக்கிங்ஹம் குழப்பத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்கி, கிடைத்த சந்து வழியாகத் தாண்டவைத்தார். தாண்டியதும் முன்னால் ஒருவரும் இல்லை. கடைசியில் 15 குதிரை நீள இடைவெளியில் ஜெயித்தது. ஒன்றுக்கு நூறு விலை, அதாவது ஒரு பவுண்டு கட்டியவருக்கு நூறு பவுண்டு லாபம்.

"நடந்து போய்" என்பதைத்தான் மறுக்கிறேன். 23 முடிந்த பிறகு இன்னும் ஏழு வேலி இருக்கிறது.

ஏப்ரல் 14, இரவு, மறுபடியும்

பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: போயினவன். போய்விட்டவன். ஊரே சிக்கி நிற்கும்போது தான் மட்டும் போயினவன். தமிழில் பெயர் வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது.

பிபிசிக்காக அந்தப் பக்கத்து வேலிகளை வர்ணித்தவர் அயர்லாந்துக்காரர் மைக்கேல் ஓ'ஹெஹிர். அத்தனை களேபரத்திலும் ஒவ்வொரு குதிரையாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஃபோய்னவன் தனியாகப் போய்விட்டது, 50 கெஜம், 100 கெஜம் முன்னால் போகிறது என்றார். பந்தயத்துக்கு முன்பே ஜாக்கிகளின் அறைக்குப் போய், தனக்குப் பழக்கமில்லாத சட்டை யாருடையது என்று கேட்டு வைத்துக்கொண்டாராம். யாரும் பார்க்காத குதிரையையும் பார்த்து வைத்திருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

ஏப்ரல் 15

ஒரு திருத்தம், கேள்வி கேட்டவருக்கும் எனக்கும் சேர்த்து. "மற்றதெல்லாம் விழுந்தது" என்று அவர் எழுதினார், நானும் அதைக் கண்டிக்காமல் விட்டுவிட்டேன். எல்லாம் விழவில்லை. பெரும்பாலானவை ஓட்டம் தடைப்பட்டு நின்றுபோனவை. குதிரை அசையாமல் நின்றுவிட்டால் நாலரை அடியை நின்ற இடத்திலிருந்து தாண்டாது, திரும்பிப் போய் வேகம் எடுத்து வர வேண்டும். அப்படித் திரும்பி வந்து தாண்டியவை பல. மொத்தம் 18 குதிரைகள் பந்தயத்தை முடித்தன. எல்லாம் விழுந்திருந்தால் 18 எங்கிருந்து வரும்?

அப்படித் திரும்பி வந்தவற்றில் ஒன்றுதான் ஹனி எண்ட். அன்றைய ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று அதிகம் பேர் பணம் கட்டிய குதிரை, ஜாக்கி ஜோஷ் கிஃபோர்ட். துரத்தித் துரத்தி வந்து இரண்டாவது. இதில் வேடிக்கை, முதல் வேலியில் பாப்ஹம் டவுனில் இருந்து இறங்க நேர்ந்த ஜாக்கி மேசர் கிஃபோர்ட், ஜோஷின் தம்பி. தம்பி விட்ட குதிரை அண்ணனின் வழியை மறித்துவிட்டது. அந்த வீட்டில் அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது வந்தது ரெட் அலிகேட்டர். அடுத்த வருஷம் அதே குதிரை, அதே ஜாக்கி பிரையன் பிளெட்சர், முதலிடம். பிறகு 1973, 1974-இல் ரெட் ரம் என்ற குதிரை மேல் ஏறி ஜெயித்தவரும் இதே பிளெட்சர்தான்.

ஏப்ரல் 15, மாலை

சொந்தக்காரனே நம்பாத குதிரை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. சொந்தக்காரர் சிரில் வாட்கின்ஸ் அன்று எயின்ட்ரீக்கு வரவில்லை. பயிற்சியாளர் ஜான் கெம்ப்டனும் வரவில்லை, அவர் அன்று ஊஸ்டர் மைதானத்தில் இன்னொரு குதிரையில் ஏறப் போய்விட்டார். அங்கே அவரும் ஜெயித்தார், அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்! எயின்ட்ரீயில் குதிரையோடு இருந்தது கெம்ப்டனின் அப்பா.

பக்கிங்ஹம் கதை இன்னும் மோசம். வயது 26. நேஷனலில் அதற்கு முன் ஏறியதே இல்லை. மற்ற ஜாக்கிகள் வேண்டாம் என்று தள்ளிய பிறகு, சில நாட்களுக்கு முன்புதான் இவரைத் தேடி வாய்ப்பு வந்தது. முந்தின ராத்திரி லிவர்பூலில் இடம் கிடைக்காமல் இரண்டு நாற்காலிகளை ஒட்டிப்போட்டுப் படுத்தார். கல்யாண வீட்டில் கடைசியாக வந்த சித்தப்பாவுக்குக் கிடைக்கும் படுக்கை மாதிரி.

குதிரையின் பழைய கணக்கும் அப்படித்தான். மூன்று வாரம் முன்பு செல்ட்னம் கோல்டு கப் என்ற பந்தயத்தில் ஓடியபோது விலை ஒன்றுக்கு 500.

ஏப்ரல் 16

"444 என்று படித்தேன், நீங்கள் 100 என்கிறீர்கள்" என்று கேட்டவருக்கு: இரண்டும் சரி. புக்கியிடம், அதாவது தானே விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்குகிறவரிடம், கட்டினால் ஒன்றுக்கு 100. டோட்டில் கட்டினால் ஒன்றுக்கு 444. டோட் என்பது பொதுப் பானை. எல்லோர் பணமும் அதில் விழும், கமிஷன் போக மீதியை ஜெயித்த குதிரையில் கட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கட்டியவர்கள் கம்மி என்றால் பங்கு பெரிது. 444 என்றால் இந்தக் குதிரையில் கட்டிய ஆட்கள் எவ்வளவு கம்மி என்று பார்த்துக்கொள்ளுங்கள். புக்கிகள் 100 என்று சொன்னது, அதற்கு மேல் எழுதினால் யாரும் சிரிப்பார்கள் என்பதற்காக இருக்கும்.

ஒன்றுக்கு நூறு விலையில் நேஷனலை ஜெயித்தவை ஐந்து: 1928, 1929, 1947, 1967, 2009. 2009 பற்றி எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சல் உண்டு. நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 17

வயிற்றெரிச்சல் கதை.

இங்கே லிவர்பூல் ஆபீஸ்களில் நேஷனல் வந்தால் குலுக்கல் போடுவார்கள். குதிரைப் பந்தயம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட இதில் சேருவார்கள். எங்கள் மாடியில் 20 பேர், ஆளுக்கு நாலு பவுண்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் 40 சீட்டு, ஆளுக்கு இரண்டு. எனக்கு வந்த முதல் சீட்டில் எந்தக் குதிரை என்று நினைவில்லை. இரண்டாவது மோன் மோம். பேப்பரில் பார்த்தேன், ஒன்றுக்கு நூறு. சரி, போச்சு என்று டிராயரில் போட்டேன்.

அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு பெண்ணுக்கு பட்லர்ஸ் கேபின் வந்திருந்தது. அந்த வருஷத்து ஃபேவரிட், ஏறுகிறவர் பேர்பெற்ற ஜாக்கி மெக்காய். அவள் என் மேஜைக்கு வந்து, "மாற்றிக்கொள்வோமா? எங்கள் அம்மா பிரெஞ்சுக்காரி. மோன் மோம் என்றால் என் வாண்டு என்று அர்த்தம். சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்" என்றாள். நான் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மனசுக்குள் ஒரே குஷி. இவ்வளவு ஏமாளியா என்றுகூட நினைத்தேன். சீட்டைக் கொடுத்தேன், சீட்டை வாங்கினேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மோன் மோம் 12 குதிரை நீளத்தில் ஜெயித்தது. என் பட்லர்ஸ் கேபின் ஏழாவது. திங்கட்கிழமை அவள் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தாள், என் மேஜையில் மட்டும் இரண்டு வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மோன் மோம் ஜெயித்தபோது யாரும் விழுந்து வழிவிடவில்லை. நேராக ஓடி, முந்தின வருஷம் ஜெயித்த குதிரையையே பின்னால் தள்ளியது. ஆனாலும் ஃபோய்னவனைத் தெரிந்த அளவுக்கு மோன் மோமை யாருக்கும் தெரியாது. நியாயமாக ஜெயித்தவனை விட வினோதமாக ஜெயித்தவனுக்குத்தான் பெயர் நிற்கிறது. கேள்வி கேட்டவருக்கு இந்த ஒரு விஷயத்தில் என் அனுதாபம் உண்டு.

ஏப்ரல் 17, பின்குறிப்பு

ஆமாம், நாலு பவுண்டு வீதம் 20 பேர் என்றால் 80. ஜெயித்தவருக்கு 50, மீதி இரண்டாவது மூன்றாவதுக்கு. கணக்குக் கேட்டவர் நிச்சயம் ஆடிட்டர்.

ஏப்ரல் 19

1928-ஐ யாராவது எழுப்புவார்கள் என்று காத்திருந்தேன், எழுப்பிவிட்டார்கள். அன்று ஜெயித்தது டிப்பரரி டிம். 42 குதிரைகள், முடித்தவை இரண்டே இரண்டு. கேனல் டர்ன் என்ற திருப்பத்தில் ஈஸ்டர் ஹீரோ என்ற குதிரை வேலியில் மாட்டிக்கொள்ள, பின்னால் வந்தவை எல்லாம் சிக்கின. கடைசி வேலிக்கு டிப்பரரி டிம்மோடு சேர்ந்து வந்த பில்லி பார்ட்டனும் அங்கே விழுந்துவிட்டது. ஜாக்கி திரும்ப ஏறி ஓட்டி வந்து இரண்டாம் இடம். டிம் மேல் ஏறிய பில்லி டட்டனிடம், பந்தயத்துக்கு முன்னால் ஒரு சிநேகிதர், "மற்றவன் எல்லாம் விழுந்தால்தான் நீ ஜெயிப்பாய்" என்று கேலி பேசியதாகக் கதை. கரிநாக்கு என்பார்களே, அதுவேதான், நல்லதாகப் பலித்தது.

விழுந்தபின் திரும்ப ஏறுவது இப்போது முடியாது. பிரிட்டனில் 2009-இல் தடை செய்துவிட்டார்கள்.

1947 வேறு ரகம். கஃபூ என்ற குதிரை பனிமூட்டத்தில் ஜெயித்தது. பாதியில் ஒளிந்து நின்று ஒரு சுற்றை மிச்சம் பிடித்துவிட்டது என்று இரண்டாவது வந்த ஜாக்கி புகார் சொன்னார். கோர்ட் வரை போனது. அப்புறம் பீச்சர்ஸை இரண்டு தடவை தாண்டிய போட்டோக்கள் வெளிவந்தன.

ஆக 1928-இல் சிக்கல், 1947-இல் பனி, 1967-இல் மறுபடி சிக்கல். நாற்பதுக்கு மேல் குதிரைகளை ஒரே வேலிமேல் ஏவிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஏப்ரல் 20

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "பக்கிங்ஹம் குழப்பத்தைப் பார்த்துவிட்டு" என்று என்னவோ அவர் மட்டும் கண் திறந்திருந்த மாதிரி எழுதியிருக்கிறேன். அது தவறு. எல்லோரும்தான் பார்த்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்குப் பார்க்க நேரம் இருந்தது, திருப்ப நேரம் இல்லை. பக்கிங்ஹமுக்கு இரண்டும் இருந்தது. காரணம், அவர் குதிரை மெதுவாக வந்தது.

அப்படியென்றால் கேள்வி கேட்டவர் ஜெயித்துவிட்டாரா? எனக்குத் தெரிந்து இல்லை. ஃபோய்னவனுக்குப் பின்னாலும் குதிரைகள் இருந்தன. அவற்றுக்கும் அதே நேரம் இருந்தது, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே. அவை போகவில்லையே?

இங்கேதான் குதிரையின் குணத்தைப் பேச வேண்டும். ஃபோய்னவன் ஆரம்பத்தில் அயர்லாந்தில் டாம் டிரீப்பரின் லாயத்தில் இருந்தது. அங்கே அதன்மேல் ஏறிய பாட் டாஃப் சொன்ன ஒரு சம்பவம்: ஒரு பந்தயத்தில் குதிரை பலமாக விழுந்தது. அவர் பதறி எழுந்து திரும்பிப் பார்த்தால், அது படுத்த இடத்திலேயே புல் மேய்ந்துகொண்டிருந்தது. இந்த ஜென்மத்துக்கு 23-ஆம் வேலியில் முப்பது குதிரை முட்டி மோதிக் கத்தினால் என்ன, கத்தாவிட்டால் என்ன? பயந்த குதிரை அந்தக் களேபரத்தில் காலை ஊன்றி நின்றுவிடும். இது வழக்கம்போல் வந்தது, வழக்கம்போல் தாண்டியது.

சோம்பேறி என்று விற்றுவிட்ட குணம்தான் அன்று காப்பாற்றியது. அதிர்ஷ்டம் வாசலைத் திறந்தது சரி, உள்ளே போனது இது.

ஏப்ரல் 20, இரவு

"உள்ளே போனது இது" என்று கொஞ்சம் மேடைப் பேச்சாகப் போய்விட்டது. மன்னிக்கவும், தூக்கக் கலக்கம். பக்கிங்ஹமின் கை கடிவாளத்தில் இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 23

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன், அப்புறம் சண்டையை முடித்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்திலிருந்து எயின்ட்ரீக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்தால் மைதானம். சில வருஷம் முன்பு, பந்தயம் இல்லாத ஒரு நாளில், வழிகாட்டியோடு சுற்றிக்காட்டுகிறார்கள் என்று போனேன். டிவியில் பச்சைச் சுவர் மாதிரி தெரிவது கிட்டே போனால் ஸ்ப்ரூஸ் கிளைகள். லேக் டிஸ்ட்ரிக்டில் இருந்து வெட்டிக்கொண்டு வந்து அடுக்குவார்களாம். கையை விட்டுப் பார்த்தேன். மேலே ஊசி இலை, முழங்கை வரை போகிறது, பிசின் வாசம் சட்டையில் ராத்திரி வரை இருந்தது. உள்ளே முன்பெல்லாம் மரச்சட்டம், 2013 வாக்கில் வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏழாவது வேலி, அதாவது இரண்டாம் சுற்றில் 23. உயரம் என் தோளுக்குச் சற்றுக் கீழே. சேர் என்ற வேலி என்னை அண்ணாந்து பார்க்க வைத்தது, அதன் முன்னால் ஆறடி அகலப் பள்ளம் வேறு. அதைப் பார்த்துவிட்டு இதற்கு வந்தால் "இதுவா?" என்றுதான் தோன்றும். கூட வந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அதைச் சொல்லியேவிட்டார். வழிகாட்டி சிரித்தார், நிறையத் தடவை கேட்டிருப்பார் போல.

நான் வேலிக்குப் பின்னால் போய் நின்று, வருகிற வழியைத் திரும்பிப் பார்த்தேன். பீச்சர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டி இறங்கி, உயிர் தப்பினோம் என்று மூச்சுவிடுவதற்குள் இது வந்துவிடும். பெரிய வேலிக்குக் கவனமாக வருகிறவன் சின்ன வேலிக்கு அப்படி வரமாட்டான். குழப்பம் இங்கே நடந்ததில் எனக்கு அதற்கப்புறம் ஆச்சரியம் இல்லை.

1984-இல்தான் இந்த வேலிக்கு ஃபோய்னவன் பெயர் வந்தது. நடந்து 17 வருஷம் கழித்து. அவசரப்பட்டு வைத்த பெயர் இல்லை.

ஏப்ரல் 24

ஹனி எண்ட் இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருந்தால் பிடித்திருக்குமே என்று கேட்டால், இருந்திருக்கலாம். ஆனால் தூரம் அவ்வளவுதான். பஸ் கிளம்பி அரை நிமிஷம் கழித்து ஓடி வந்தவன், அடுத்த சிக்னலில் பிடித்திருப்பேன் என்று சொல்வதைப் போல. இன்னொன்று, ஃபோய்னவன் மேல் 10 ஸ்டோன், அதாவது 63.5 கிலோதான். கெட்டிக்காரக் குதிரைக்குச் சுமை அதிகம், மட்டமான குதிரைக்குக் குறைவு, அதுதான் இந்தப் பந்தயத்தின் விதி. யாரும் இனாமாகத் தரவில்லை.

ஏப்ரல் 26

மிருகவதை பற்றி எழுதியவருக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த 23-ஆம் வேலிக் குவியலில் ஒரு குதிரையும் சாகவில்லை, அதனால்தான் நாம் இதைச் சிரித்துக்கொண்டு பேச முடிகிறது. 2012-இல் இரண்டு குதிரைகள் செத்தன, அந்தப் பந்தயத்தை எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டுத்தான் முடித்தோம். என் மகள் அதற்கப்புறம் ஆபீஸ் குலுக்கலில்கூடச் சேருவதில்லை. அவளோடு வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் அதிகபட்சம் 34 குதிரைகள் என்று குறைத்தார்கள், முதல் வேலியைக் கிட்டே கொண்டுவந்தார்கள், அங்கே போய்ச் சேரும்போது வேகம் கம்மியாக இருக்கட்டும் என்று. ஓடியவை 32, முடித்தவை 21, விழுந்தது பூஜ்யம். ஃபோய்னவன் மாதிரி ஒன்று இனி ஜெயிக்காது என்பதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை.

மே 2

ஒரு வாரமாக யாரும் எழுதவில்லை, தலைப்பை விட்டு விலகி ஒன்று. ஃபோய்னவன் என்பது ஸ்காட்லாந்தின் வட கோடியில், சதர்லாந்தில் உள்ள ஒரு மலையின் பெயர். பக்கத்து மலை ஆர்கிள். வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டி தன் குதிரைகளுக்கு அந்த மலைகளின் பெயரை வைத்தார். ஆர்கிள், உலகமே கொண்டாடிய குதிரை. ஃபோய்னவன், வேண்டாம் என்று விற்ற குதிரை. இரண்டும் ஒரே லாயத்தில் இருந்தவை. 1966 டிசம்பரில் ஆர்கிள் காலில் எலும்பு முறிந்து, அதற்கப்புறம் ஓடாமலே போனதே, அந்தப் பந்தயத்திலும் ஃபோய்னவன் இருந்தது. நாலாவதாக வந்தது.

மலைக்கு வருவோம். 3,000 அடி இருந்தால் ஸ்காட்லாந்தில் மன்ரோ என்று தனி மரியாதை. ஃபோய்னவன் மலை தேறும் என்று நம்பி 2007-இல் அளந்தார்கள். 2,989 அடி. பதினோரு அடியில் போயிற்று.

மே 3

பக்கிங்ஹம் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்டிருந்தார்கள். பந்தயத்தை விட்ட பிறகு ஜாக்கிகளின் அறையிலேயே வேலை பார்த்தார், மற்றவர்களின் சேணத்தையும் பூட்ஸையும் துடைத்து எடுத்து வைக்கிற வேலை. 2016-இல் காலமானார். குதிரை 1968-இல் நேஷனலுக்குத் திரும்ப வந்தது. தண்ணீர் வேலியில் மற்றொரு குதிரையால் சாய்க்கப்பட்டது. இந்தத் தடவை சந்து கிடைக்கவில்லை.

மே 3, இரவு

ஆடு கேள்வி விட்டுப்போயிற்று. ஆமாம், ஃபோய்னவனுக்கு ஒரு வெள்ளாடு துணை, வெள்ளை நிறம், பெயர் சூஸி. தனியாக விட்டால் சில குதிரைகள் லாயத்தில் நிலைகொள்ளாது, அதற்காக ஆடு கட்டுவது இங்கே பழைய வழக்கம். படுத்துக்கொண்டே புல் மேய்கிற குதிரைக்கு எதற்கு ஆடு என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருவேளை ஆட்டுக்குத்தான் குதிரை தேவைப்பட்டதோ என்னவோ.